கம்ப்யூட்டர் சம்ரட்சணம்

கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய அன்றைக்கே, ஸ்ரீ வித்யா சம்ரட்சணி மேல்நிலைப் பள்ளியில் அவற்றை யாரும் தொடக் கூடாது என்று முடிவாகிவிட்டது. பிறகு எதற்கு வாங்கினார்கள் என்று கேட்பவர்களுக்குப் பள்ளிக்கூட நிர்வாகம் என்றால் என்னவென்று தெரியாது. தொடுவதற்கென்று கரும்பலகை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, திருகுவதற்குப் பிள்ளைகளின் காது இருக்கிறது. கம்ப்யூட்டரையும் போய்த் தொடுவார்களா?

நீரஜாவுக்கு இது தெரியாமல் போனது அவள் தலையெழுத்து. தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதம் மந்தைவெளியில் இருந்த இந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தாள். அதற்கு முன் தி. நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அங்கே கீபோர்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும்; பிள்ளைகள் அடித்த அடி அப்படி. இங்கே அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்பி ஆறு புத்தம் புது மெஷின்கள், ஏசி அறை, சக்கரம் வைத்த நாற்காலிகள். பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் எடுத்த பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். பதினோராம் வகுப்பு முழுக்கப் புத்தகத்தில் படம் பார்த்தே கழித்தவர்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. வெளிப்பள்ளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து, பிள்ளை புரோகிராம் அடித்து ஓட்டிக் காட்டினால் மார்க் போடுவார். ஓட்டவில்லையென்றால் அந்தப் பாடத்தில் பெயில். வேறு பேச்சில்லை.

அந்தப் பள்ளியின் தாளாளர் பத்ரிநாராயணன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ட்ராங் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே சர்வீஸ் முழுவதும் ஓட்டியவர். வங்கியில் ஒரு பழக்கம் உண்டு: பெட்டக அறையை ஒரே ஆள் திறக்க முடியாது, இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவி, இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு அசையும். அவருக்கு வேதம், உபநிஷத்து எல்லாம் அதுதான். ஒருத்தன் திறக்க முடிந்தால் ஒருத்தன் திருட முடியும் என்பார். வீட்டில் ஊறுகாய் ஜாடி வைத்த அலமாரிக்குக்கூட அவரிடம் ஒரு சாவி, மாமியிடம் ஒரு சாவி என்று மயிலாப்பூரில் பேச்சு. பொய்யாக இருக்காது.

ஆக, கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கமிட்டி பிறந்தது. தாளாளர் தலைவர். தலைமையாசிரியர் ஸ்ரீரங்கன் செயலாளர். உடல் பலத்துக்காக பி.டி. மாஸ்டர் விக்டர் உறுப்பினர். விக்டர் சாந்தோம்காரர், வாலிபால் ஆடிய உடம்பு. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆளான நீரஜாவைச் சேர்க்கவில்லை. தெரிந்தவர்களிடமிருந்துதானே பாதுகாக்க வேண்டும்.

கமிட்டி போட்ட விதிமுறைகளைக் காலைப் பிரேயரில் வாசித்தார்கள். அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். அது சரி, ஊரெல்லாம் உள்ளதுதான். காலைக் கழுவ வேண்டும். கழுவிய கால் காயும் வரை வராந்தாவில் நிற்க வேண்டும். மூச்சுக்காற்றில் ஈரம் உண்டு, ஈரம் மின்சாரத்துக்கு ஆகாது, ஆகையால் மூக்கில் கைக்குட்டை கட்ட வேண்டும். தலையில் எண்ணெய் வைத்தவர்கள் ஜன்னல் பக்கம் சாயக் கூடாது. காலையில் சாப்பிடாமல் வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. மயங்கி விழுந்தால் கீபோர்டு மேல் விழுவார்கள். பிள்ளை விழுவதைப் பற்றி விதி ஒன்றும் இல்லை. மெஷின்களுக்கு வேர்க்கக் கூடாது என்று ஏசி மட்டும் காலை முதல் மாலை வரை ஓடும்.

கதவுக்கு மூன்று பூட்டு, கோவில் உண்டியல் மாதிரி. மூவரிடமும் ஆளுக்கொரு சாவி. அதோடு விட்டார்களா? மெஷினைப் போட்டதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தரச் சொன்னார்கள். நீரஜா எழுதிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். பாஸ்வேர்டை மூன்று துண்டாக்கி, முதல் துண்டு தாளாளருக்கு, நடுத்துண்டு தலைமையாசிரியருக்கு, கடைசி விக்டருக்கு. ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். எங்கும் எழுதி வைக்கக் கூடாது. திறப்பு விழா அன்று பூ, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து இந்தச் சடங்கு நடந்தது. திரையில் ஒரு மணி நேரம் வெறும் கோடு மின்னியது. எல்லாரும் கை தட்டினார்கள். அத்துடன் அணைத்து, பட்டு பார்டர் வைத்துத் தைத்த உறையைப் போட்டு மூடினார்கள்.

அதற்குப் பிறகு அந்த மெஷின்களை யாரும் போடவில்லை. ஜூலை வந்தது, ஆகஸ்ட் வந்தது. மெட்ராஸ் என்று இருந்த ஊரே சென்னை என்று மாறியது. அந்த அறை மாறவில்லை. தினம் மத்தியானச் சாப்பாடு ஆனதும் தாளாளரும் தலைமையாசிரியரும் விக்டரைக் கூப்பிட்டுப் பூட்டைத் திறந்து, பாதுகாப்புச் சோதனை என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு மணி நேரச் சோதனை. பக்கத்து வகுப்பில் வேர்த்து விறுவிறுத்துப் பாடம் நடத்தும் நீரஜாவுக்குச் சோதனையின் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். ஒன்று விசில் அடிக்கிற குறட்டை, இன்னொன்று மரம் அறுக்கிற குறட்டை.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் தலைமையாசிரியர் அறைக்குப் போய் நிற்பாள். அவர் நல்ல மனிதர்தான். யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தி. நகர் ஜவுளிக்கடைப் புடவை அட்டைப்பெட்டிகளை வெட்டி, அதில் கீபோர்டு வரைந்து, பிள்ளைகளை அதில் அடித்துப் பழகச் சொல்லலாமே. அட்டைக்குக் கரண்டு வேண்டாம், ஏசி வேண்டாம், ரிப்பேர் ஆகாது. சொல்லும்போதே அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வேறு வழி? முப்பத்திரண்டு அட்டை கீபோர்டு தயாரானது. பிள்ளைகள் அட்டையில் புரோகிராம் அடித்தார்கள். திரையில் என்ன வரும் என்பதை ரெக்கார்டு நோட்டின் இடது பக்கத்தில், கோடில்லாத பக்கத்தில், பென்சிலால் வரைந்தார்கள். ஹம்சினி என்ற பெண் இதில் புலி. தப்பான எழுத்தை அட்டையில் தொட்டுவிட்டால் ரப்பரை எடுத்து அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி தொடுவாள். விக்டரின் மகன் டெரிக்கும் அதே வகுப்பு. அவன் அட்டையில் நடு எழுத்துகளின் மேல் ஒரு கேரம் போர்டு வரைந்திருந்தான். நீரஜா திட்டினாள். திட்டிவிட்டு, நானும் என்னத்தைத் திட்டுகிறேன் என்று அவளுக்கே அழுகை வந்தது.

ஜனவரியில் கமிட்டி முன்னால் போய்ப் பட்டென்று கேட்டுவிட்டாள். அடுத்த மாதம் பரீட்சை, பிள்ளைகள் மெஷினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றாள். தாளாளருக்கு மனசு இளகிவிட்டது. பார்க்கட்டுமே, யார் வேண்டாமென்றது என்றார். வெள்ளிக்கிழமைதோறும் தரிசனம் ஏற்பாடானது. ஆண் பிள்ளைகள் ஒரு வரிசை, பெண் பிள்ளைகள் ஒரு வரிசை. பட்டு உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் உள்ளே நிற்பார். வாசலில் விக்டர், சர்ச் தவிர வேறெங்கும் போகாத மனிதர், யாரோ சொல்லிக் கொடுத்து "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஹம்சினி மூக்கில் கைக்குட்டையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்ததை நீரஜா பார்த்தாள்.

பரீட்சை நாள் வந்தது. வெளித் தேர்வாளர் கருணாகரன், தி. நகர்ப் பள்ளியொன்றின் கம்ப்யூட்டர் வாத்தியார். ஒல்லியாக, கையில் ரெக்சின் பையோடு, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தார். விதிப்படி எல்லாருடைய பையையும் விக்டர் சோதனை போட்டார். நீரஜாவின் கைப்பையைத் துழாவியவர் கை நின்றது. உள்ளே ஒரு ஃப்ளாப்பி. வெளி ஃப்ளாப்பி பள்ளி வளாகத்துக்குள்ளேயே வரக் கூடாது என்பது எட்டாவது விதி.

"இன்னா மிஸ் இது, சதுரமா?" என்றார் தாழ்ந்த குரலில்.

வரிசையில் டெரிக் கழுவிய காலோடு நின்றுகொண்டிருந்தான். விக்டர் மகனைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"நா ஒண்ணியும் பாக்கல மிஸ். புள்ளைங்க பாஸாவணும், அவ்ளோதான்" என்று ஜிப்பை அவரே இழுத்து மூடினார்.

மூன்று பூட்டும் திறந்தன. உறைகள் இறங்கின. முதல் மெஷினைப் போட்டார்கள். பாஸ்வேர்டு என்று திரை கேட்டது. தாளாளர் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடித்தார். மற்ற இருவரும் சுவரைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் அடித்தார். விக்டர் ஒற்றை விரலால் அடித்தார். தவறு என்றது மெஷின். மறுபடி அடித்தார்கள். மறுபடியும் தவறு. மற்ற ஐந்து மெஷின்களிலும் அதே கதை. எட்டு மாதத்தில் யாரோ ஒருவருக்குத் தம் துண்டு மறந்திருக்கிறது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை. மூவரும் தம்முடையது சரி என்று சத்தியம் செய்தார்கள். உங்கள் துண்டைச் சொல்லுங்கள், நான் பார்க்கிறேன் என்று ஒருவர் கேட்டால் அது விதிமீறல். இப்பேர்ப்பட்ட காவலை ரிசர்வ் வங்கியில்கூடப் பார்க்க முடியாது. தவறு நடந்தது நிச்சயம், செய்தவர் யாரென்று கண்டுபிடிக்கவே வழி கிடையாது.

"நான் மறந்துட்டேன்னு சொல்றேளா?" என்றார் தாளாளர்.

"நான் அப்படிச் சொல்லுவேனா? ஆனா நான் மறக்கலை" என்றார் தலைமையாசிரியர்.

கருணாகரன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்குள் மெஷின் ஓடவில்லையென்றால் முப்பத்திரண்டு பேருக்கும் ஆப்சென்ட் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான், தனக்கு அதற்கு மேல் அதிகாரமில்லை என்றார். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் கால் காய நின்றுகொண்டிருந்தார்கள். கமிட்டியோ இந்த நெருக்கடியை விவாதிக்க அவசரக் கூட்டம் போடத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டது. மூவரும் போனார்கள். காபி வரவழைத்துக்கொண்டார்கள் என்று பியூன் சொன்னான்.

அறையில் நீரஜாவும் தேர்வாளரும்தான். அவள் பையைத் திறந்தாள். ஃப்ளாப்பியை முதல் மெஷினில் செருகி மறுபடி போட்டாள். மெஷின் ஃப்ளாப்பியிலிருந்தே எழுந்துகொண்டது. பாஸ்வேர்டு கேட்கிற புரோகிராம் பக்கமே போகவில்லை. வாசலில் மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். அதே ஃப்ளாப்பியால் ஆறையும் எழுப்பினாள். கருணாகரன் கண்ணை அகல வைத்துக்கொண்டு அவள் கையையே பார்த்தார்.

முதல் ஆறு பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கேள்வி எளிது. ஹம்சினி புரோகிராமை மனப்பாடமாகச் சொல்லுவாள். விரல்கள் சரியான எழுத்துகளின் மேல் சரசரவென்று ஓடின. திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் அட்டையில் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தாள். ஆறு பேரும் அப்படித்தான். ஐயோ, இதை நான் சொல்லித்தரவே இல்லையே என்று நீரஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அழுத்தும்மா" என்றாள்.

"அழுத்தலாமா மிஸ்?"

"அழுத்து. ஒண்ணும் ஆகாது. நல்லா அழுத்து."

ஹம்சினி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அழுத்தினாள். கண்ணைத் திறந்தபோது திரையில் ஒரு எழுத்து இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நீரஜாவைப் பார்த்தாள், மூக்கிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்து மடியில் போட்டாள். அடுத்தடுத்து எழுத்துகள் வர ஆரம்பித்தன. டெரிக் ஒரே எழுத்தின் மேல் விரலை வைத்து எடுக்க மறந்து நான்கு வரி நிரப்பிவிட்டு, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். கூட்டம் முடிந்து கமிட்டி திரும்பி வந்தபோது கடைசி அணி அடித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்கத் தட்டுகிற சத்தம். தாளாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். தன் வீட்டுக் கூடத்தில் யாரோ பந்து விளையாடுவதைப் பார்த்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். தேர்வாளர் இருந்ததால் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. குற்றச்சாட்டு: கம்ப்யூட்டர் ஆசிரியை நீரஜா பள்ளியின் கம்ப்யூட்டர்களைப் பயன்படுத்தினார், மாணவர்களையும் பயன்படுத்தத் தூண்டினார். கீபோர்டுகளில் விரல் அழுக்கு கண்டுபிடிக்கப்பட்டது. விசாரித்ததும் கமிட்டிதான், சாட்சியும் கமிட்டிதான், தீர்ப்பும் கமிட்டிதான்.

நீரஜா ஒன்றைத்தான் கேட்டாள். அன்றைக்கு அதை அவள் செய்யாவிட்டால் முப்பத்திரண்டு பிள்ளைகள் கதி என்ன?

தாளாளருக்குக் கோபம் வரவில்லை. விவரம் தெரியாத பெண்ணிடம் பேசுகிற பரிவோடுதான் சொன்னார். "கொழந்தேள் வருஷா வருஷம் வரும்மா. ஜூன் மாசம் வாசல்ல கியூவுல நிக்கும். கம்ப்யூட்டர் அப்படி வருமா? நாங்க பாதுகாப்புன்னு சொன்னது யாரை, நீ யாரைன்னு நெனச்சிண்டே?"

தலைமையாசிரியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். விக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி இந்த வளாகத்தில் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் அவள் கம்ப்யூட்டர் டீச்சராகவே தொடரலாம் என்றார்கள். பெருந்தன்மைதான். அப்படியானால் அடுத்த வருஷப் பிள்ளைகள் என்று இழுத்தாள். அட்டை இருக்கிறதே என்றார் தலைமையாசிரியர். நீரஜா எழுதிக் கொடுக்கவில்லை. அவளுக்கு அந்தச் சம்பளம் தேவைதான். வீட்டு வாடகை அதில்தான் போகிறது. ஆனாலும் கை வரவில்லை.

மிச்சமிருந்தது சாட்சியப் பொருள். பறிமுதல் செய்த ஃப்ளாப்பி மேஜை மேல் கிடந்தது. அந்தப் பள்ளியில் அந்த மெஷின்களைத் திறக்க இருந்த ஒரே வழி அதுதான். மூன்று துண்டு பாஸ்வேர்டும் காற்றோடு போயாகிவிட்டது. ஆகையால் அதை மிகப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று தாளாளர் உத்தரவு போட்டார். தலைமையாசிரியர் காகிதத்துக்குத் துளை போடும் பஞ்சிங் மெஷினை எடுத்தார். ஃப்ளாப்பியின் மூலையை அதில் கொடுத்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. விக்டரைக் கூப்பிட்டார். வாலிபால் ஆடிய கை ஓர் அழுத்து அழுத்தியது. படக்கென்று துளை விழுந்தது. அதில் பச்சை டேக்கைக் கோத்து, விசாரணை ஃபைலில் இறுக்கி முடிந்து, சாட்சியம் ஒன்று என்று மேலே எழுதி, பீரோவில் வைத்து மூன்று பூட்டுப் போட்டார்கள்.

நீரஜா வாய் விட்டுச் சிரித்துவிட்டாள். ஜூன் மாதத்திலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு. விசாரணையின்போது சிரித்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டு அன்றைக்கே வேலை நீக்கம் என்று எழுதினார்கள்.

மந்தைவெளி பஸ் டெப்போ வாசலில் கருணாகரன் நின்றுகொண்டிருந்தார். விசாரணை என்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன், முப்பத்திரண்டு பேரும் தேறிவிட்டார்கள், அந்தக் கைக்குட்டைப் பெண்ணுக்கு முழு மார்க் என்றார். நீரஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு ஃப்ளாப்பிக்குத் துளை போட்ட கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. முகம் இருண்டுபோயிற்று.

"அப்ப அது போச்சா?" என்றார்.

பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சினிமாத் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் கேட்கிற குரலில் பேசினார். அவர் பள்ளியில் நான்கு மெஷின், இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது. பீரோவைத் திறந்துவிட்டார்கள், பாஸ்வேர்டு தெரிந்த தாளாளர் காசிக்குப் போயிருக்கிறார். நான்கு வருஷமாகக் கருணாகரன் அங்கே கம்ப்யூட்டர் வாத்தியார். இன்னும் ஒரு தடவைகூட மெஷினைப் போட்டுப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை அங்கே பரீட்சை. தேர்வாளராக வரப்போகிறவர் அடையாறு பள்ளி வாத்தியார். அவருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

"அந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா டீச்சர்?"

நீரஜா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். "வீட்டுல இன்னும் ஒரு டப்பா இருக்கு சார். எத்தனை ஸ்கூலுக்கு வேணும்?"

கருணாகரன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று, கிளம்பிப் போய்விட்டது.